உறங்கும் காட்டுப்பன்றி

கியோத்தோவில் ஓர் ஓவியர் செத்துப்போனால், அவருடைய படம் அசலா போலியா என்று சொல்லும் உரிமை மனைவிக்கு வந்துவிடும். ஓவியச் சுருள் வைக்கும் மரப்பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் 'மெய்யான படைப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். புருஷன் இருந்தவரை அவர் பேச்சுக்கு மறுபேச்சு பேச முடியாதவளுக்கு, அவர் போனபிறகு இப்படியொரு மரியாதை. ஷிகே அம்மாவுக்கு அந்த மரியாதை கிடைத்து ஒன்பது வருஷம் ஆகிறது.

ஷிகேயும் ஓவியர்தான். யாராவது சொன்னால்தான் ஊருக்கு அது ஞாபகம் வரும். விசிறிக் கடைக்காரரின் மகளான அவள் பதினாறு வயதில் ஓவியர் ஹகுசெனிடம் சிஷ்யையாகச் சேர்ந்தாள். கூடப் படித்த ஆண்களுக்குப் புலியும் கழுகும் கொடுத்தார்கள். இவளுக்குக் குடை பிடித்த பெண்கள். குரு தன் பெயரில் பாதியை எடுத்து 'ஹகுரே' என்று அவளுக்கு ஓவியப் பெயர் வைத்தார். பாதி கொடுத்தது போதாதென்று தோன்றியதோ என்னவோ, கல்யாணமும் செய்துகொண்டார். கண்காட்சிகளில் அவள் படங்களுக்குப் பரிசு கிடைத்தது. 'பெண்ணுக்கு இதுவே அதிகம்' என்று பத்திரிகைகள் தாராளமாகப் பாராட்டின.

கல்யாணமாகி ஆறாம் வருஷம் ஹகுசெனின் வலது கை நடுங்க ஆரம்பித்தது. சாக்கே என்ற அரிசி மதுவைக் குடித்துக் குடித்து வந்த நடுக்கம். கிண்ணத்தைத் தூக்கும்போது மட்டும் அது நின்றுவிடும். படம் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்ப முடியுமா? ஷிகே வரைந்தாள், அவர் பெயரையும் அவளே எழுதினாள். அவர் எழுந்து உட்கார்ந்து முத்திரை குத்தினார். பதினோரு வருஷம் இப்படி ஓடியது. அந்தப் பதினோரு வருஷத்தைத்தான் இன்று எல்லாப் புத்தகங்களும் ஹகுசெனின் பொற்காலம் என்கின்றன.

அவர் இறந்த மாதம், மனசு தாங்காமல் மூத்த சிஷ்யனிடம் உண்மையைச் சொன்னாள். அவன் தேநீர் ஊற்றிக் கொடுத்தான்.

"துக்கத்துல இப்படியெல்லாம் தோணும்மா. கொஞ்ச நாள் வெந்நீர் ஊற்றுப் பக்கம் போய் இருந்துட்டு வாங்க."

அதோடு வாயை மூடிக்கொண்டாள்.

இந்த இலையுதிர் காலத்தில், ஒரு நாள் காலை, படவியாபாரி நிஷியோ ஒரு சுருளோடு வந்தார். கூடவே பேராசிரியர் குருமாதானி. பொற்காலத்தைப் பற்றி மூன்று புத்தகம் எழுதியவர். சுருளைப் பிரித்ததும் ஷிகே அருகில் நகர்ந்து உட்கார்ந்தாள். காய்ந்த நாணலுக்கு நடுவே உறங்கும் காட்டுப்பன்றி. அவள் வரைந்ததிலேயே அவளுக்குப் பிடித்த படம். விற்றுப்போன அன்று சமையலறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். பன்றிக்கு மாதிரியாக இருந்தவர், மத்தியானம் குடித்துவிட்டுப் பாயில் கிடந்த ஹகுசென்.

"பழைய பெட்டி தீ விபத்துல போயிடுச்சும்மா," என்று நிஷியோ புதுப் பெட்டியை நகர்த்தினார். "தலைநகரத்து அருங்காட்சியகம் கேக்குது. நீங்க மூடியில எழுதிட்டா அங்க போயிடும். அப்புறம் வெளிய வராது."

"இந்த முதுகைப் பாருங்க," என்றார் பேராசிரியர். "ஆம்பளை தெம்பு. ஹகுசென் ஐயாவோட ஆத்மாவே இதுல படுத்திருக்கு."

படுத்திருப்பது ஹகுசென் என்ற வரைக்கும் அவர் சொன்னது சரிதான்.

ஷிகே மை அரைத்தாள். எழுதினால் பன்றி காலத்துக்கும் ஹகுசெனுடையது. நான் வரைந்தது என்றால் மறுபடியும் வெந்நீர் ஊற்று. இருபது வருஷத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்திருக்கிறது, அதைத் திருப்பி அனுப்ப அவளுக்கு மனசில்லை. தூரிகையைக் கீழே வைத்தாள்.

"இது அவர் வரைஞ்சதில்ல."

நிஷியோ படத்தின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். "அம்மா, முத்திரை இருக்கே."

"முத்திரை அவரோடதுதான். கை அவரோடது இல்ல. சிஷ்யையாவும் பொண்டாட்டியாவும் முப்பது வருஷம் கூட இருந்தவ சொல்றேன்."

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கும் சுருளைப் பிரிச்சதுமே உறுத்துச்சு. இந்த ரோமக் கோடு பாருங்க, தெம்பே இல்ல. தப்பா நினைக்காதீங்க, பொம்பளை கை மாதிரி இருக்கு."

"இருக்கலாம்," என்றாள் ஷிகே.

போலி என்று ஆனபிறகு அதை வெளியில் எடுத்துப்போக நிஷியோவுக்குக் கூச்சம். பார்த்தவர்கள் கடையையே சந்தேகப்படுவார்கள்.

"இங்கயே விட்டுட்டுப் போங்க," என்றாள் ஷிகே. "இனி யாரையும் ஏமாத்தாம நான் பாத்துக்கறேன். பெட்டியும் இருக்கட்டும்."

இருவரும் தலை குனிந்து நன்றி சொன்னார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது பேராசிரியர் நின்று திரும்பினார். மூன்று புத்தகம் ஆயிற்றே.

"அம்மா, அந்தக் காலத்துப் படங்கள்ல இந்த மாதிரி போலி வேற இருக்குமோ?"

"இன்னும் நாற்பத்திரண்டு இருக்கு."

எப்படி அவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

"ஒண்ணொண்ணா கொண்டு வாங்க," என்றாள். "என் கண்ணு இன்னும் நல்லாத்தான் இருக்கு."

அவர்கள் போனதும் உள்ளே வந்தாள். அரைத்த மை காயவில்லை. பெட்டி மூடியைத் திருப்பி, 'உறங்கும் காட்டுப்பன்றி. மெய்யான படைப்பு. ஹகுரே' என்று தன் ஓவியப் பெயரைப் போட்டு எழுதினாள்.