நூறு கோடியும் பத்து நாள் லீவும்

இசக்கிராஜிடம் நூறு கோடி ரூபாய் இருந்தது. எல்லாம் போனுக்குள். வெளியே, தாராவி தொண்ணூறடி ரோட்டில், அவன் பையில் கிடந்தது பஸ்ஸுக்கான சில்லறை.

ஜெயினுலாப்தீன் பாயின் தோல் பை பட்டறையில் ஒன்பது மெஷின், ஒன்பது ஆள். ஏப்ரல் கடைசியில் கப்பலேற வேண்டிய ஆர்டர் ஒன்று கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. ஏப்ரலில் ஒருவனுக்குத்தான் பத்து நாள் லீவு என்று பாய் தீபாவளிக்கே சொல்லிவிட்டார். போன வருஷம் லீவுச் சண்டை கத்தரிக்கோலை ஓங்கும் வரை போயிருந்தது. அதற்கு ஒரு வழி சொன்னவள் பாயின் மகள் அஸ்ரின். கம்பெனி ஈமெயில்களைப் பார்ப்பவள். இங்கிலீஷ் ஃபுட்பால் என்றால் சோறு வேண்டாம் அவளுக்கு.

“போன்ல ஆளுக்கு ஒரு டீம் கட்டுங்க. யாரு முதல்ல வர்றாங்களோ, அவங்களுக்கு லீவு. சிம்பிள்.”

ஆளுக்கு நூறு கோடி பொய்ப்பணம். இங்கிலாந்தில் ஆடும் ஒவ்வொருவனுக்கும் ஒரு விலை. பதினொரு பேரை வாங்க வேண்டும், நூறைத் தாண்டக்கூடாது. நிஜ மைதானத்தில் அவன் கோல் போட்டால் இங்கே பாயிண்ட். கேப்டன் என்று குறித்தவனுக்கு இரட்டிப்பு. வாரம் ஒருவனை விற்று வேறொருவனை வாங்கலாம். ஏப்ரல் முதல் வார ஆட்டங்கள் முடியும்போது தலையில் இருப்பவனுக்கு ஊருக்கு ரயில் டிக்கெட்.

இசக்கிராஜுக்கு அது வெறும் லீவு இல்லை. ஊரில் இருக்கும் அவன் மனைவி பொன்செல்வி ஏப்ரல் பதினைந்தாம் தேதி திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறாள். குவைத்தில் நர்ஸ் வேலை, இரண்டு வருஷ ஒப்பந்தம். குழந்தை அவள் அக்கா வீட்டில் இருக்கும். கல்யாணமாகி நான்கு வருஷத்தில் இருவரும் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு பள்ளிக்கூடக் கோடை விடுமுறை தேறும்.

“பொங்கலுக்கும் வரலை. இதுக்கும் வரலேன்னா, ரெண்டு வருசம் கழிச்சு ஏர்போர்ட்ல நீங்க யாருன்னு கேப்பேன்” என்றாள் போனில். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

சொல்லாமல் ஓடலாம். ஓடியவர்களை அவன் பார்த்திருக்கிறான். திரும்பி வரும்போது மெஷினில் வேறொருவன் உட்கார்ந்திருப்பான். பட்டறையில் விரித்திருந்த படுக்கை மாடிப்படியில் கிடக்கும்.

கடைசிச் சனிக்கிழமை. முதலிடத்தில் சுயம்பு, பக்கத்து மெஷின்காரன். ஐந்து பாயிண்ட் பின்னால் இசக்கிராஜ். இருவருக்கும் கேப்டன் ஒரே ஆள்: பதினான்கு கோடி விலையுள்ள ஒரு கோல் அடிப்பவன். பட்டறையில் அவன் பெயர் நெட்டையன். ஒரே குதிரையில் இருவர் ஏறினால் பின்னால் உட்கார்ந்தவன் எந்தக் காலத்தில் முந்துவது?

இசக்கிராஜ் ஒரு கணக்குப் போட்டிருந்தான். நெட்டையனை விற்றுவிட்டு, சுருட்டை என்ற இன்னொருவனை வாங்கிக் கேப்டனாக்குவது. இரண்டு மாதம் கால்வலியில் படுத்திருந்தவன் சுருட்டை. யாரும் அவனைத் தொடவில்லை. இன்று முதல் ஆட்டமே அவனுடையது, அதுவும் கடைசி இடத்தில் கிடக்கும் டீமோடு. இதைச் சுயம்பு பார்த்துவிட்டால் அவனும் வாங்கிவிடுவான். ஒட்டகச்சிவிங்கிக் கழுத்து அவனுக்கு. ஆகவே கடைசி நிமிஷம் வரை போனைத் திறக்கக்கூடாது.

முதல் ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் டீம்கள் பூட்டிக்கொள்ளும். தீபாவளியிலிருந்து சனிக்கிழமை என்றால் நாலரை மணி.

மத்தியானம் சுயம்பு மெல்லக் குனிந்தான்.

“ஏலே இசக்கி, இன்னைக்கு மூணரைக்கே பூட்டிருவானாம். அஸ்ரின் பாப்பா சொல்லிச்சு. எதும் மாத்தணும்னா இப்பமே மாத்திரு.”

“அப்படியா? ஜனவரில என் கோல்கீப்பருக்குக் கை ஒடிஞ்சிட்டுன்னு சொன்னியே, அதும் பாப்பா சொன்னதா?”

“அது வெளையாட்டுக்குச் சொன்னதுல்லா.”

“நான் அவனை வித்தேன். அவன் மறுநா பெனால்டியைத் தடுத்தான். போலே, போய்த் தைக்கிற வேலையைப் பாரு.”

“ஒன் தலையெழுத்து” என்று சுயம்பு மெஷினை மிதித்தான்.

போனைத் திறந்தால் பூட்டும் நேரம் தெரிந்துவிடும். திறந்தால் சுயம்புவின் கழுத்தும் நீளும். இதற்குத்தானே தூண்டில் போடுகிறான்? இசக்கிராஜ் திறக்கவில்லை.

நாலு இருபதுக்கு இரும்பு ஏணியில் பரணுக்கு ஏறினான். தோல் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து நெட்டையனை விற்றான், சுருட்டையை வாங்கினான், கேப்டன் முத்திரையைக் குத்தினான். ‘சேவ்’ ஆயிற்று. இறங்கும்போது சீட்டியடித்தான்.

ஆறு மணிக்குத் தொடங்க வேண்டிய ஆட்டம் ஐந்துக்கே தொடங்கியது. ஏதோ மாற்றியிருப்பார்கள் என்று நினைத்தான். நினைப்பதற்கும் நேரமில்லை, பன்னிரண்டாம் நிமிஷம் சுருட்டை கோல். இடைவேளைக்கு முன் இன்னொன்று. எழுபதாம் நிமிஷம் மூன்றாவது. இசக்கிராஜ் ஸ்டூல் மேல் ஏறி நின்று கத்தினான்.

“டிக்கெட்டு எனக்குலே! சுயம்பு, உன் நெட்டையனைக் கட்டிப் பிடிச்சுக்க!”

சுயம்பு நிமிரவில்லை. “டீமைப் பாரு முதல்ல” என்றான்.

பார்த்தான். கேப்டன் நெட்டையன். சுருட்டை அடுத்த வாரத்துப் பக்கத்தில் இருந்தான்.

அஸ்ரினுக்குப் போன் போட்டான்.

“அரே அண்ணா, அங்கே கோடை வந்தா கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்சிருவாங்க. போன ஞாயித்துக்கிழமை தள்ளிட்டாங்க. நமக்கு ஆட்டம், டீம் பூட்டுற நேரம் எல்லாமே ஒரு மணி நேரம் முன்னாடி வரும்.”

“ஊரே சேந்து கடிகாரத்தைத் தள்ளுமா பாப்பா?”

“வருஷா வருஷம். சுயம்பு அண்ணாகிட்ட சொல்லி அனுப்பினேனே. அவர் சொல்லலியா?”

ஆட்டம் முடிந்த விசில் யாருடைய போனிலோ ஊதியது.

“சொன்னான்” என்றான் இசக்கிராஜ்.

ஞாயிற்றுக்கிழமை நெட்டையன் ஒன்றும் கிழிக்கவில்லை, இருவருக்குமே கிழிக்கவில்லை. ஐந்து பாயிண்ட் வித்தியாசம் ஏழானது. திங்கள் காலை இசக்கிராஜ் பாயின் மேஜை முன் நின்றான்.

“ரூல் போட்டது ஒங்க சண்டைக்குத்தான்ப்பா. ஒனக்கு விட்டா மத்தவன்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?” பாய் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம்.

சுயம்பு வாசலில் பிடித்துக்கொண்டான். “எங்கப்பாவுக்குப் பத்தாந்தேதி இருதய ஆபரேசன்லே. இல்லேன்னா ஒனக்கு விட்டிருப்பேன்.”

விட்டிருக்க மாட்டான். அது இருவருக்கும் தெரியும். இருந்தும் அந்த வார்த்தை வேண்டியிருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் பொன்செல்வியே கூப்பிட்டாள். “என்னைக்கு ரயில் ஏறுதீய?”

“லீவு கெடைக்கல.”

“ஏன்?”

“ஒரு போட்டி. அதுல தோத்துட்டேன்.”

“என்ன போட்டி?”

“பந்து விளையாட்டு.”

“நீங்க வெளையாடினீயளா?”

“இல்ல. வேற ஒருத்தன். லண்டன் பக்கம்.”

அந்தப் பக்கம் பேக்கிங் டேப்பைக் கிழிக்கும் ஓசை ஒரு தடவை கேட்டது.

“பெட்டியில முப்பது கிலோதான் விடுவானாம்” என்றாள். “ஒங்க போட்டோ கண்ணாடி ஃபிரேமோட ரொம்பக் கனமா இருக்கு. நீங்க வந்தா பெட்டியைச் சரி பண்ணித் தருவியன்னு விட்டு வச்சிருந்தேன்.”

“எடுத்துரு.”

“ஃபிரேமையா, போட்டோவையா?”

பின்னால் மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. அவன் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு தன் மெஷினில் உட்கார்ந்தான். அந்தப் பக்கம் இன்னொரு தடவை டேப் கிழிந்தது.