பெரட்டில் பதில் சொன்னவள்

செமோரில் கனகராஜ் மார்ட் என்ற கடையின் கடைசி நிரைக்குள் பயிற்சிப் பிள்ளையாகப் போன ஷர்வின், ஒரு வருஷம் கூட ஆகாமல் கோலா கங்சாரில் வெளியே வந்தபோது அவனுக்கு அறுபது வயது ஆகியிருந்தது. அந்த வாரம் வெங்காயம் கிலோ நான்கு வெள்ளிக்கு விற்றது, மழையும் பரவாயில்லை. அவன் வந்து சேர்ந்த இடம் முந்தின நாள் வரை பூட்டிக் கிடந்த ஒரு பழைய படக்கொட்டகை. விடிந்தபோது அதற்குள் அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்தன, விளக்குகள் எரிந்தன, ஷட்டரை உள்ளிருந்து தூக்கிக்கொண்டு நரைத்த தாடியோடு ஷர்வின் நின்றான். பஸ் ஏறிப் போய் மகனைப் பார்த்த முத்தம்மா, தன்னைவிட மூத்துப் போயிருந்தவனைத் தொட்டுப் பார்த்துக் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு அவனைக் கிளை மேலாளராகப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும், "எப்படியோ, வேலை நிரந்தரமாயிருச்சு லா" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஊரும் அதையே சொன்னது. வேலையில்லாத பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு சோறு போடுகிறவர்கள் வாயில் வேறு என்ன வரும்?

கனகராஜ் மார்ட் நின்ற இடம் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். அதே தோட்டத்தில் ஆட்களை மேய்த்த மண்டோரின் மகன்தான் கனகராஜ். மரங்களை வெட்டி விற்றார்கள், தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தார்கள், அவர் நிலத்தை வாங்கிக் கடை கட்டினார். ஆனால் தோட்டத்தின் பேச்சு அவர் நாக்கை விட்டுப் போகவில்லை. சாமான் தட்டுகளின் வரிசையை அவர் நிரை என்றுதான் சொல்வார். பால்மரத்துக்கு ஆள் விடுவது போல ஒவ்வொரு பயிற்சிப் பிள்ளைக்கும் ஒரு நிரையை ஒப்படைப்பார். கடை திறக்கும் முன் எல்லாரையும் வாசலில் நிறுத்திப் பெரட்டு எடுப்பார். பேரைக் கூப்பிட்டால் ஆள் பதில் சொல்ல வேண்டும். தோட்டக் காலத்துப் பெரட்டில் காய்ச்சலில் படுத்தவனுக்காக அவன் பெண்டாட்டியோ அண்ணனோ "இருக்கான்" என்று குரல் கொடுத்து அன்றைய கூலியைக் காப்பாற்றிவிடுவார்கள். அதைத் தப்பு என்று யாரும் நினைத்ததில்லை. கடையின் கடைசி நிரை மட்டும் சுண்ணாம்புக் குன்றின் பக்கமாக ஓடியது. அதன் மறுமுனையை யாரும் பார்த்ததில்லை. குன்று முடிகிற இடத்திலும் நிரை முடியவில்லை. அங்கே சோப்பு வாசனை போய், உலர்ந்த ரப்பர் இலையின் வாசனை வரும்.

பயிற்சிப் பிள்ளைகளைச் சேர்ப்பது கலாதேவியின் பொறுப்பு. அவளும் அந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள்தான். அடுக்குமாடி வீடுகளில் ஏறி இறங்கி, தாய்மார்களிடம் பேசி, படிப்பு நின்றுபோன பிள்ளைகளைக் கூட்டி வருவாள். சம்பளம் சரியாக வரும், சேமநிதி பிடிப்பார்கள், முடிவில் சான்றிதழ் உண்டு. அவள் சொன்னால் நம்புவார்கள், ஏனென்றால் தன் ஒரே மகள் ஷர்மினியையும் அவள் அங்கேதான் சேர்த்திருந்தாள். ஷர்மினிக்குப் பத்தொன்பது வயது. பிஸ்கட் நிரை அவளுடையது. ஷர்வினுக்கு நடந்தது கலாதேவியின் மனத்தில் முள்ளாகத்தான் இருந்தது. ஆனாலும் அது யாருக்கு நடக்கும், ஏன் நடக்கும் என்று தெரியாத விஷயம். இடி விழும் என்று பயந்து யார் வெளியே போகாமல் இருக்கிறார்கள்?

வருஷத்துக்கு ஒரு நாள் கனகராஜ் கடை வாசலில் கூடாரம் போட்டு முன்னேற்ற உரை ஆற்றுவார். பிள்ளைகளின் குடும்பங்களையும் அழைப்பார், ஆளுக்கொரு பை சாமான் கொடுப்பார். அந்த வருஷம் உரை நாளன்று ஷர்மினிக்குக் காய்ச்சல். கஞ்சியும் மாத்திரையும் பக்கத்தில் வைத்துவிட்டுக் கலாதேவி மட்டும் வந்தாள். வாசலிலேயே கனகராஜ் கேட்டார், "பாப்பா வரலியா கலா?" அவள் சொன்னாள், "ஒடம்பு நெருப்பா கொதிக்குதுண்ணே, படுக்க வெச்சிட்டு வந்தேன்." அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு மேடை ஏறி, விற்பனை கூடியிருக்கிறது, கோலா கங்சார் கிளை நன்றாக ஓடுகிறது, அடுத்தது பாரிட் புந்தார், நம்மிடம் சேர்ந்த ஒரு பிள்ளையும் வேலையை விட்டுப் போனதில்லை என்று சொன்னார். கைதட்டினார்கள். அது உண்மைதான். ஒருவரும் விட்டுப் போனதில்லை.

உரை முடிந்ததும், எப்போதும் போல எல்லார் முன்னாலும் பெரட்டு எடுத்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக "இருக்கேன் பாஸ்" என்றார்கள். "ஷர்மினி" என்று கூப்பிட்டார். பதில் இல்லை. அவர் அடுத்த பேருக்குப் போகவில்லை. மைக்கைப் பிடித்தபடி நின்றார். கூட்டம் திரும்பிக் கலாதேவியைப் பார்த்தது. அத்தனை தாய்மார்களுக்கு முன்னால் தன் மகளின் பேர் மட்டும் பதிலில்லாமல் தொங்குவது தாங்காமல், யோசிக்கும் முன்பே அவள் வாய் திறந்துவிட்டது. "இருக்கா" என்றாள். கனகராஜ் அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

வீட்டுக்குப் போனபோது கஞ்சி இன்னும் சூடாக இருந்தது. போர்வை கசங்கியபடி கிடந்தது, செருப்பு வாசலில் இருந்தது, ஷர்மினி இல்லை. கலாதேவி அக்கம்பக்கம் விசாரிக்கவில்லை. லயத்தில் பிறந்தவளுக்கு எங்கே தேட வேண்டும் என்று தெரியும். நேராகக் கடைக்கு ஓடிக் கடைசி நிரைக்குள் மகளின் பேரைச் சொல்லிக்கொண்டே நடந்தாள். பொழுது சாயும்வரை நடந்தும் அவளால் சோப்புத் தட்டுகளைத் தாண்ட முடியவில்லை. பெரட்டில் பேர் போகாதவளுக்கு நிரை வழி விடவில்லை.

முத்தம்மாவைத் தேடிப் போய் ஒன்றே ஒன்று கேட்டாள். ஆமாம், ஷர்வின் நிரைக்குள் போன அந்த உரை நாளிலும் அவன் பல்வலி என்று வீட்டில்தான் இருந்தான், முத்தம்மாதான் "இருக்கான்" என்று சொன்னாள். அங்கிருந்து கலாதேவி கனகராஜின் அறைக்குப் போனாள். அவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், அவள் உட்காரவில்லை.

"பாப்பாவுக்குக் காய்ச்சல்னு ஒங்களுக்குத் தெரியும்ணே. வரலன்னு நான்தானே சொன்னேன். ஏன் கூப்பிட்டீங்க?"

"சேர்ந்த புள்ளைங்க பேரெல்லாம் கூப்பிட்டேன் கலா. பதில் சொன்னது நீதானே."

"தெரிஞ்சேதான் செஞ்சீங்களா?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். குரலை உயர்த்தவில்லை. "எங்கப்பா சொல்லுவாரு. ஆளில்லாம, வேற ஆளு பதில்ல பேரு மட்டும் நின்னுச்சுன்னா, அந்த மலையடி நிரை ஆளக் கூப்பிட்டுக்கும். அதனாலதான் யாரு பதில் சொன்னாலும், அவரு கூலிய மட்டும் குடுத்துட்டு வராதவன் பேர உடனே அடிச்சிருவாரு. நான் அடிக்கல. உள்ள போன ஆளு வெளிய வர்ற எடத்துல ஒரு கடை தொறக்குது. அவ்வளவுதான். என் கடையில வேல செய்யிற குடும்பம் எத்தன, நீயே சொல்லு. புதுக் கிளை இல்லன்னா அதுங்களுக்கு யாரு சோறு போடுறது?"

"நாளைக்கே நான் வேலைய விட்டுர்றேன்."

"விடு. ஆனா பாப்பா பேசுனா எடுக்கிறதுக்கு யாரு இருப்பா?"

நிரையின் வாசலில் ஓர் இண்டர்காம் இருந்தது. மறுநாள் காலை அது ஒலித்தது. "மா, மாத்திரைய எங்க வெச்சே?" என்று ஷர்மினியின் குரல் கேட்டு, உடனே அறுந்துபோனது. கலாதேவி வேலையை விடவில்லை. அந்த வருஷம் முழுவதும் இண்டர்காமுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டாள், புதிதாக ஒரு பிள்ளையையும் சேர்க்க மறுத்தாள், அவளைத் துரத்தக் கனகராஜும் துணியவில்லை. அவர் வேறு ஆளை வைத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார். இண்டர்காம் அவ்வப்போது ஒலிக்கும். "பசியாறிட்டேம்மா, பயப்படாத." "இங்க ரொம்ப இலை கொட்டுது." "இன்னும் கொஞ்ச தூரந்தான்." தைப்பூசத்தின்போது அந்தக் குரல் கனத்திருந்தது. நோன்புப் பெருநாளுக்குள் அது கலாதேவியின் குரல் போலவே ஆகிவிட்டது. முதலில் தன் குரல்தான் திரும்பிக் கேட்கிறது என்று நினைத்தாள். அதற்குப் பிறகு வந்த குரலில் மூச்சு வாங்கியது. பெற்ற பிள்ளை தனக்கு முன்னால் கிழவியாவதைக் காதால் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவளின் வேதனையை எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. கடையில் அப்போது பாமாயிலுக்குத் தள்ளுபடி போட்டிருந்தார்கள்.

அடுத்த வருஷம் முன்னேற்ற உரை பாரிட் புந்தாரில் நடந்தது. வயல் ஓரத்தில் மூடிக் கிடந்த ஒரு நெல் கிடங்கின் முன்னால் கூடாரம் போட்டிருந்தார்கள். செமோரிலிருந்து பஸ் வைத்துக் குடும்பங்களைக் கூட்டி வந்திருந்தார்கள். கனகராஜ் விற்பனையைச் சொன்னார், பயிற்சிப் பிள்ளைகளுக்குத் தரும் ஆதரவைச் சொன்னார், யாரும் விட்டுப் போகவில்லை என்று சொன்னார். கைதட்டல் அடங்கியபோது கிடங்கின் ஷட்டர் உள்ளிருந்து மெல்ல உயர்ந்தது. கூன் விழுந்த ஒரு பெண், வெள்ளைக் கொண்டையில் காய்ந்த இலை ஒட்டியிருக்க, செருப்பில்லாத காலோடு வெளிச்சத்துக்கு வந்தாள். கண்ணைச் சுருக்கிக் கூட்டத்தில் தேடினாள். கலாதேவி எழுந்து போய் அவள் நெற்றியில் கையை வைத்தாள்.

"காய்ச்சல் விட்டுருச்சும்மா" என்றாள் ஷர்மினி.

மேடையில் பெரட்டு தொடங்கியிருந்தது. "தனேஸ்வரன்" என்று கனகராஜ் கூப்பிட்டார். பதில் வரவில்லை. அவர் மைக்கைப் பிடித்தபடி நின்றார். தனேஸ்வரனின் தாய் விமலா, மகன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கட்டுப் போட்டு வீட்டில் கிடந்ததால், எழுந்து வாயைத் திறந்தாள். கலாதேவி மகளின் கையை விடாமலே எட்டி, மறு கையால் விமலாவின் வாயைப் பொத்தினாள். "வேணாண்டி. சும்மா இரு" என்றாள். விமலா திமிறினாள், பிறகு ஷர்மினியின் முகத்தைப் பக்கத்தில் பார்த்துவிட்டு அடங்கினாள். கனகராஜ் காத்திருந்தார். கூட்டத்தில் ஒரு வாயும் திறக்கவில்லை. வயல் பக்கமிருந்து நாரைகள் எழுந்து பறந்தன. அவருடைய சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. கடைசியில் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "தாக் அப்பா லா, பரவால்ல, அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றார்.

அவர் இன்னும் ஒவ்வொரு வருஷமும் கூப்பிடுகிறார், இன்னும் காத்து நிற்கிறார். செமோர்த் தாய்மார்கள் அந்த நாளில் வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டுதான் கூடாரத்துக்குள் போகிறார்கள். ஆனாலும் புதிதாகப் பிள்ளையைச் சேர்க்க வருகிற தாய் ஒருத்தி எப்போதும் உண்டு. கடைசி நிரையின் விளக்குகளை யாரும் அணைக்கவில்லை. கலாதேவி பாரிட் புந்தாரில் கடைக்கு மேலேயே அறை எடுத்துக்கொண்டாள். மாலையில் மகளின் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிடுகிறாள், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக் கொடுக்கிறாள், தனக்கு முன்னால் அவள் போய்விடுவாள் என்பதை நினைக்காத நேரத்தில் இருவரும் சிரித்துப் பேசிக்கொள்கிறார்கள். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் ஷர்மினியிடம் வாடிக்கையாளர்கள் கலாதேவியைக் காட்டி, "ஒங்க தங்கச்சியா?" என்று கேட்பார்கள். "இல்ல, எங்கம்மா" என்பாள் அவள். கேட்டவர்கள் மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு போவார்கள்.