மூன்று துளைகள்

சிம்லாவில் அந்த அறைக்குள் இருந்தவர்கள்: சட்டசபை அங்கத்தினர் சுந்தரவரதன், வெளிநாட்டு இலாகாவின் வெள்ளைக்கார அதிகாரி, அங்கத்தினருக்குத் தட்டச்சு செய்யும் நான், சைகோனிலிருந்து வந்த ஒரு கடிதம், அதைச் சுந்தரவரதன் ஜன்னல் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார், மூலையில் மூன்று துளைகள், மூன்று புள்ளி வெளிச்சம் அவர் கன்னத்தில் விழுகிறது, குண்டூசியை எத்தனை தடவைப்பா குத்தினே, ஒரு தடவைதான் சார், அதிகாரி சிகரெட்டைத் தட்டுகிறார், அவருக்குத் தமிழ் தெரியாது, தெரிந்திருந்தாலும் அந்த முகம் மாறியிருக்காது.

எழுதியவர் சவரிராயன், அங்கே துறைமுகக் கிடங்கில் எழுத்தர், கூலி உயர்வு கேட்ட நம் ஆட்கள் பதினொரு பேரைப் பிரெஞ்சுக்காரர்கள் விசாரணையில்லாமல் அடைத்துவிட்டார்கள், சபையில் கேளுங்கள் ஐயா, என் பெயர் வெளியே போனால் பன்னிரண்டாவது ஆள் நான், அவ்வளவு தெளிவாகத்தான் எழுதியிருந்தார், கேள்வியை நான்தான் தட்டினேன், கேள்வியில் சொல்லும் சங்கதிக்கு அங்கத்தினரே பொறுப்பு என்பது சபை விதி, ஆதாரம் என்ன என்று சபை அலுவலகத்திலிருந்து சீட்டு வந்த மத்தியானம் அவர் சாப்பிடப் போயிருந்தார், பெயரை விட்டுவிட்டு நகல் எடுத்திருக்கலாம், அசலைப் பார்த்தால்தான் நம்புவார்கள் என்று அசலையே குண்டூசியில் குத்தி அனுப்பினேன், நான் கெட்டவன் இல்லை, சுறுசுறுப்பானவன், அதுதான் கேடு. அந்நிய அரசின் விவகாரம் என்று கேள்வியைத் தள்ளிவிட்டார்கள், ஒன்பது நாள் கழித்துக் கடிதம் இதோ இந்த அதிகாரி கையில் திரும்பி வந்திருக்கிறது, பிரிச்சுப் பிரிச்சு ரெண்டு தடவை நகல் எடுத்திருக்கான்யா, ஒண்ணு இவனுக்கு, இன்னொண்ணு யாருக்கு, பிரெஞ்சுக்காரனுக்குத்தானே, சவரிராயனுக்குத் தந்தி அடிச்சுச் சொல்லிடலாம் சார், அடி, அதையும் அவங்களே முதல்ல படிக்கட்டும், உனக்கெல்லாம் எவன்யா தட்டச்சு சொல்லிக்கொடுத்தான்.

நாளைக்குச் சபையில அவன் பேரைச் சத்தமா சொல்லிடறேன், ஊரறிஞ்ச ஆளைச் சத்தமில்லாமத் தூக்க முடியாது பாரு, என்கிறார், மறுநாள் எழுந்து நிற்கிறார், பார்வையாளர் மேல்மாடத்திலிருந்து நான் குனிந்து பார்க்கிறேன், சவரி, என்று தொடங்கியதும் தலைவரின் சுத்தியல் விழுகிறது, உட்காருங்கள், உட்காரவில்லை, மறுபடி சுத்தியல், அச்சிட்ட நடவடிக்கைக் குறிப்பில் அந்தப் பாதிப் பெயரும் இல்லை, நான் தேடினேன்.

ஒரு மாதம் கழித்துச் சவரிராயனின் தம்பி எழுதினான், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும் வழியில் பிடித்துக்கொண்டு போனார்களாம், சுந்தரவரதன் அதைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார், திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன், இப்போது எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறேன், பார்த்தால் சைகோனில் அந்தச் சிறை அறை, உள்ளே இருப்பவர்கள் பதினொரு பேர், இன்னொருவரைத் தள்ளுகிறார்கள், கதவைச் சாத்துகிறார்கள், அவர் திரும்பிப் பார்க்கிறார், சாவித்துளை வழியே ஒரே ஒரு புள்ளி வெளிச்சம் அவர் கன்னத்தில், சாவி நுழைந்து அதையும் அடைக்கிறது, பூட்டுகிறார்கள்.