மேஜை நடுவே ஒரு கை

தெருவே அவளைத் தச்சம்மா என்றுதான் கூப்பிடும். மரத்தை இழைத்துப் பொருத்துவது அவள். சாயம் பூசிப் பளபளக்க வைப்பது அவள் புருஷன். வேலையில் இருவரும் கெட்டி, வாயில் அவள் இன்னும் கெட்டி. போன வருஷம் நாத்தனாருக்குச் செய்த அலமாரியில் சாயம் பூசியதும் வெளிறிய திட்டுகள் விழுந்தன. காய்ந்த பசை இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது, அவ்வளவுதான் சங்கதி. பசை போட்டுப் பொருத்தும்போது பலகையைப் பிடித்துக்கொள்வது அவர்; அது யார் கைப் பசை என்பதில்தான் சண்டை.

"உங்க கைதான். கழுவாம கொள்ளாம மரத்தைத் தொடுறது!" என்று ஆரம்பித்தவள் இன்றுவரை நிறுத்தவில்லை. வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். கடைசியில் அந்த மனுஷனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் ஷெட்டில் திங்கட்கிழமை சேருவதாகச் சொல்லிவிட்டு வந்தார்.

"இந்தச் சாப்பாட்டு மேஜையோட சரி. அப்புறம் உன் பட்டறை, உன் ராஜ்யம்."

"பேஷா போங்க" என்று வாய்தான் சொன்னது. அவர் இல்லாத பட்டறையில் அவள் யாரோடுதான் சண்டை போடுவாள்?

சனிக்கிழமை காலை மருந்துக்கடையில் தைலம் வாங்க நோட்டை நீட்டினாள். கடைக்காரர் கள்ளநோட்டு பார்க்கிற ஊதா விளக்கை அடித்தார். நோட்டோடு சேர்ந்து அவள் நகக்கண்ணும் நீலமாக மின்னியது.

"என்ன தச்சம்மா, விரல்ல மின்மினி வளக்கறீங்களா?"

"அட, பசைங்க இது!" என்றவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது. தைலத்தை மறந்தாள். விளக்கை இரவல் வாங்கிக்கொண்டு ஓடினாள்.

பட்டறை ஷட்டரை இறக்கி, ஜன்னலில் கோணியைத் தொங்கவிட்டாள். இழைத்த பலகைகளைப் பொருத்தி முடித்த மேஜை சாயத்துக்குத் தயாராக நின்றது. வெறும் கண்ணுக்குச் சுத்தமோ சுத்தம். விளக்கை அடித்தாள். அடேயப்பா! மூட்டுகளின் ஓரமெல்லாம் நீலக் கோடு. அது எதிர்பார்த்ததுதான், சாக்பீஸால் வட்டம் போட்டாள். ஆனால் பலகையின் நட்டநடுவில், மூட்டே இல்லாத இடத்தில், ஐந்து விரலோடு ஒரு முழுக் கை தெரிந்தது.

"மாட்டிக்கிட்டாரு மனுஷன்!" என்று துள்ளினாள்.

கீழே குனிந்தாள். காலில் ஒரு கை. அடுத்த காலிலும் ஒன்று. இந்தக் கைக்கு அங்கெல்லாம் என்ன வேலை? அதுவும் நாலு காலிலும் ஒரே உயரத்தில்? அவளுக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. அளவு பார்க்கலாமே என்று பலகையில் தெரிந்த கைமேல் தன் கையை வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கி வளைந்த சுண்டுவிரல் உட்பட!

ஒவ்வொரு மூட்டையும் இறுக்கியதும் "சமத்து" என்று மரத்தைத் தட்டிக்கொடுப்பாள். கை கழுவுகிற வரைக்கும் பொறுக்கமாட்டாள். ஐயோ, ஒரு வருஷமாக அந்த மனுஷனை என்ன பாடுபடுத்திவிட்டாள்! வெட்கம் பிடுங்கித் தின்றது. விளக்கை அணைத்துவிட்டு உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் திங்கட்கிழமை அவர் போய்விடுவார்.

"என்னங்க, கொஞ்சம் உள்ள வாங்க" என்று கூப்பிட்டாள்.

அவர் இருட்டுக்குள் வந்து அந்த நீலக் கையைப் பார்த்தார். வளைந்த சுண்டுவிரலைப் பார்த்தார். காலில் இருந்ததையும் குனிந்து பார்த்தார்.

"என் கைதாங்க. எல்லாமே நான் தட்டினது. அலமாரியும் இப்படித்தான் ஆகியிருக்கும்" என்றாள். "போகாதீங்க."

அவர் உப்புத்தாளை எடுத்து, நடுவில் இருந்த கையை மெல்லத் தேய்க்க ஆரம்பித்தார். சுண்டுவிரல் மறைந்ததும் தூசியை ஊதினார்.

"மரத்துக்கெல்லாம் சமத்துப் பட்டம் குடுத்திருக்கே. இத்தனை வருஷத்துல என் முதுகுல ஒரு தடவை தட்டியிருப்பியா?"

அவள் கை தானாக உயர்ந்தது. பாதியில் நின்றது.

"இருங்க," என்றாள், "கையைக் கழுவிட்டு வரேன்."