டூலன் வீட்டுப் புளியாரை

கறுப்புக் கோட்டில் குத்திய மூன்றிலைக் கொத்து வாடிக்கொண்டிருக்கிறது, போத்தனூரின் மார்ச் மாதத்து வெயிலுக்குத் தண்டவாளமே நெளியும், கிணற்றடிப் புளியாரை எம்மாத்திரம், ஆனாலும் டாடி நிமிர்ந்து நிற்கிறார், பிளாட்பாரத்தின் ஓரத்தில், ரயில் எஞ்சின் ஓட்டும் டெரன்ஸ் டூலன், புனித பாட்ரிக்கின் திருநாள் வந்தால் வருடம் தவறாமல் அப்படித்தான் நிற்பார், அயர்லாந்துக்காரன் அன்றைக்கு ஷாம்ராக் இலை குத்தியாக வேண்டும், ஷாம்ராக்குக்குப் போத்தனூரில் எங்கே போவது, மூன்று இலை இருந்தால் சரிதான் என்று கிணற்றடியில் குனிந்து பறித்துக்கொள்வார், போர்ட்டர்கள் விடுவார்களா, ஏனுங் டூலன் தொரை, உங்க ஊர்ல இன்னிக்கு மழைங்களா, டாடி ஒருநாளும் முறைத்ததில்லை, மழைதான் என்பார், இப்போதுதான் குடையை மடக்கிவிட்டு வந்தவர் மாதிரி, கடலையே சென்னையில் மட்டும் பார்த்த மனுஷன். பக்கத்தில் நிற்கும் சின்ன மகள் பெரிலுக்கு மானம் போகும், அவர் கையை விட்டுவிட்டு மெல்ல நகர்ந்து கூட்டத்தோடு கலந்துகொள்வாள், இப்போது தலை நரைத்து அதே பிளாட்பாரத்தில் தனியாக நிற்கிறாள், அந்தக் கை இல்லை, வெட்கமும் இல்லை, பயம் மட்டும் இருக்கிறது, ஏனென்றால் அயர்லாந்திலிருந்து ஃபின்டன் டூலன் வருகிறார், டாடி சொன்னது மெய்யா புருடாவா என்று இன்று தெரிந்துவிடும்.

புருடா என்று சொன்னது ஊரார் அல்ல, கூடப் பிறந்த நெவில், பெர்த்தில் குடியேறிவிட்ட தம்பி, டாடி சாகும்போது கேட்டது ஒன்றே ஒன்று, என் கல்லறையில பேருக்குக் கீழ கிளேர் நாட்டு டூலன்னு வெட்டணும் பெரில், அயர்லாந்தில் கிளேர் பக்கம்தான் பூர்வீகம் என்பது அவர் பேச்சு, அவ்வளவுதான், நெவில் போனிலேயே குதித்தான், என்னா பேசுற நீ, ஆர்ஃபனேஜ்ல வளர்ந்த எவனுக்கோ எந்தத் தொரையோ தன் பேரைக் குடுத்திருப்பான், கல்லுல பொய்யை வெட்டினா ஊரே சிரிக்கும், ஆதாரம் கொண்டா, அப்புறம் வெட்டு. ஆதாரம் என்ற சொல்லை அவள் அதற்கு முன் வாழ்க்கையில் இவ்வளவு வெறுத்ததில்லை. பெயருக்குக் கீழே இடம் விட்டே கல்லை நட்டாள், சட்டைக்காரர்கள் என்று ஊர் சொல்லும் ஆங்கிலோ இந்திய ஆட்கள் அவர்கள், இங்கே பாதி வெளியூர், அங்கே முழுக்க வெளியூர், டாடிக்கு இருந்த ஒரே சொந்த ஊர் அந்தக் காலி இடம்தான், அதைத் தாண்டி எத்தனையோ மழைக்காலம் போயிற்று.

கோயில் புத்தகங்களைப் புரட்டினாள், பழைய வருடங்களைக் கரையான் தின்றிருந்தது, கல்லறைத் தோட்டத்தில் மார்ட்டின் டூலனின் கல் பாதி உடைந்து கிடந்தது, ரயில் பாதை போட வந்தவர், டாடியின் தாத்தாவுக்கு அப்பா, அதற்கு மேல் கல்லும் பேசவில்லை. கிளேர் நாட்டுப் பங்குச் சாமியாருக்கு எழுதினாள், அவர் பூசையில் வாசிக்க, ஃபின்டன் என்ற ஓய்வுபெற்ற வாத்தியார் கேட்டுவிட்டு எழுதினார், எங்கள் முப்பாட்டனின் தம்பி ஒரு மார்ட்டின் இந்தியாவுக்கு ரயில் வேலைக்குப் போனான், திரும்பவில்லை, அவன் அப்பா கொர்னீலியஸ் என்றார், என் அப்பாவின் தாத்தா பெயரும் கொர்னீலியஸ்தான் என்று பெரில் துள்ளி எழுதினாள், அவர் நிதானமானவர், எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு கொர்னீலியஸ், ஒரு பெயரை வைத்து உறவு கொண்டாட முடியாது, நேரில் வருகிறேன் என்றார், வந்தே விட்டார், ரயிலிலிருந்து இறங்குகிறார், வெயிலில் சிவந்த காது, டாடியின் காது போலவா, இல்லை, ஆசைப்பட்டால் எல்லாக் காதும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

கோயிலையும் உடைந்த கல்லையும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார், ஒன்றும் ஆதாரமாக நிற்கவில்லை பெரில், மன்னித்துவிடு என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார், பசித்த மனிதரை அதற்காகப் பட்டினி போட முடியுமா, வீட்டுக்குக் கூட்டி வந்தாள், பக்கத்து வீட்டுக் கமலவேணி புளியாரைத் துவையல் அரைத்து வைத்திருக்கிறாள், அவர் உட்கார்ந்ததும் பெரில் வழக்கம் போல் கண்ணை மூடி, டூலன் வீட்டில் சோற்றுக்கு முன் சொல்லும் இறந்தோர் ஜெபத்தைச் சொல்கிறாள், கொர்னீலியஸ், சின்னப்பன், அருளாயி, ஹொனோரா, ஆண்டவரே இவர்களுக்கு இளைப்பாற்றி அருளும், சொல்லும்போதே அவள் சின்னப் பெண், சோறு ஆறுகிறது, யார் டாடி இந்தச் சின்னப்பனும் அருளாயியும், அவங்க நம்ம வீட்டு பட்லரும் ஆயாவும் மேன், விசுவாசமான ஆளுங்க, அப்படின்னா ஹொனோரா, எங்க தாத்தாவோட தங்கச்சி, சின்ன வயசுல போயிட்டா, அப்ப ஏன் டாடி ஆயா பேர் முதல்ல வருது, டாடி கரண்டியைக் கீழே வைக்கிறார், வந்த வரிசையில சொல்லணும், மாத்தக் கூடாது, எங்க டாடி அப்படித்தான் சொன்னார். கண்ணைத் திறந்தால் கரண்டியைக் கீழே வைத்திருப்பவர் ஃபின்டன், இன்னொரு முறை சொல் என்கிறார், அதே வரிசையில்.

சொன்னாள். அவர் விரலை மடக்கினார், எங்கள் ஊரில் மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், இரண்டாம் மகனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர், மூத்த மகளுக்கு அம்மாவைப் பெற்றவள் பெயர், இரண்டாம் மகளுக்கு அப்பாவைப் பெற்றவள் பெயர், சாமியாரே சொன்னாலும் மாற்ற மாட்டார்கள், மார்ட்டினைப் பெற்றவள் ஹொனோரா, கொர்னீலியஸின் மனைவி, இதை நான் உனக்கு எழுதவே இல்லை, நீயும் அந்தப் பெயரை எனக்கு எழுதவில்லை. சின்ன வயதில் செத்த பெண்ணையும் ஆயாவையும் யார் வம்சத்தில் எழுதுவார்கள் என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள், முதலும் கடைசியும் அயர்லாந்து என்றால், நடுவில் இருப்பவர்கள், மார்ட்டினின் பிள்ளைகள், அவர் கட்டிய தமிழ்ப் பெண்ணின் அப்பா அம்மா பெயரைச் சுமந்த பிள்ளைகள், பட்லரும் இல்லை ஆயாவும் இல்லை. கமலவேணிக்கு விஷயத்தைத் தமிழில் சொன்னதும் அவள் துவையலைத் தள்ளி வைத்தாள், இதென்னுங்க்கா அதிசயம், எங்கூட்லயும் தாத்தன் பேரு பேரனுக்குத்தானுங், ஆனா கூடப் பொறந்தவங்களப் போயி வேலக்காரங்கன்னு சொல்றது எந்த ஊரு நாயமுங்க. பெரில் அந்த நாலு பெயரையும் தன் விரலில் மடக்கிப் பார்த்தாள், யாரோ ஒருவர், ஏதோ ஒரு தலைமுறையில், துரைமார் நடுவே வாழ வெட்கப்பட்டு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார், மறைத்த கையே தினமும் அந்தச் சோற்றுக்கு முன்னால் கும்பிடவும் வைத்தது, மார்ட்டின் வெட்கப்படவில்லை, தன் தலைமகளைத் தமிழச்சி மாமியார் பெயரால் அருளாயி என்று கூப்பிட்டவர் அவர், டாடியும் ஒரு பெயரை விடவில்லை, வரிசையை மாற்றவில்லை, ஆதாரத்தை வாயிலேயே வைத்துக்கொண்டு ஆதாரம் இல்லாமல் போனார், அவளுக்கு அழுகை வந்தது, அதைவிடப் பெரிதாகப் பெருமை வந்தது, நெஞ்சு கொள்ளாத பெருமை.

வெயில் தாழும் முன்பே கமலவேணியும் கூட வரக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள், கல் வெட்டுகிறவர் சாக்பீஸோடு உட்கார்ந்திருக்கிறார், என்னங்கம்மா எழுதோணும், கிளேர் நாட்டு டூலன் என்றாள், அதற்குக் கீழே, சின்னப்பன் அருளாயி வழிவந்தவர், நெவில் குதிக்கட்டும், இந்த முறை அவன்தான் ஆதாரம் கொண்டுவர வேண்டும். கல்லின் அடியில் யாரும் நடாமலே புளியாரை படர்ந்திருக்கிறது, ஒரு கொத்தைக் கிள்ளி ஃபின்டனின் சட்டையில் குத்தினாள், இது ஷாம்ராக் இல்லை, டாடிக்கும் தெரியும் என்றாள், அவர் குனிந்து பார்த்தார், எது அசல் ஷாம்ராக் என்று எங்கள் ஊரிலேயே இன்னும் சண்டை தீரவில்லை, இதற்கு உறவான செடியைக் குத்துகிறவர்களும் உண்டு என்றார். வெயிலில் இலை துவளத் தொடங்கியது, கமலவேணிக்குக் குறும்பு போகுமா, ஏனுங் தொரை, உங்க ஊர்ல இன்னிக்கு மழைங்களா, பெரில் ஆங்கிலத்தில் சொன்னாள், ஃபின்டன் சிரிக்கவில்லை, நிமிர்ந்து நின்றார், மழைதான் என்றார், காலையில் என் மனைவி போனில் சொன்னாள், பெரில் நகர்ந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.