நாளைக்கு மாஸ்டர்

முப்பத்தைந்து வருஷமாக எந்தச் சட்டையையும் அவர் சொன்ன தேதியில் தைத்துக் கொடுத்ததில்லை. "நாளைக்கு வாங்க" என்பார். பத்து நிமிஷம் மிஷினை மிதித்தால் மூச்சு இரைக்கும். தலையைப் பலகையில் சாய்த்துவிடுவார். தெரு வைத்த பெயர், நாளைக்கு மாஸ்டர்.

சோம்பேறி என்று எல்லோரும் சொன்னதை அவரே நம்பிவிட்டார். அறுபத்து மூன்றாவது வயதில்தான் ஸ்கேன் உண்மையைக் கக்கியது. இதயத்தின் மேல் அறைகள் இரண்டுக்கும் நடுவே ஓட்டை. பிறவியிலேயே!

ஆபரேஷனுக்கு எல்லா ஏற்பாடும் முடிந்து, கையெழுத்துப் போட வேண்டிய நேரத்தில் சர்ஜன் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"ஒட்டு வச்சுத் தைப்போம்மா. ஆனா ஒட்டுக்கு நடுவுல சின்னதா ஒரு துளை விட்டுடுவோம்."

"என்னது? நெஞ்சைப் பொளந்துட்டு, ஓட்டையைத் திரும்ப விட்டு வைப்பீங்களா?" மாஸ்டரின் மனைவி படிவத்தைப் பிடுங்கிக்கொண்டாள். "அரைகுறை வேலைக்கு இவரே போதுமே!"

காலையிலிருந்து இரண்டு ஆபரேஷன் முடித்திருந்த சர்ஜன் சுவரில் சாய்ந்தார். "நேத்து பலூன் வச்சு முழுசா அடைச்சுப் பார்த்தோம். பிரஷர் எகிறிடுச்சு. வயசான இதயம், விறைச்சுப் போயிருக்கு. ஒரேயடியா மூடினா நுரையீரல்ல நீர் கோத்துக்கும். உயிருக்கே ஆபத்து."

"அப்ப ஒண்ணும் வேணாம். இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்."

மாஸ்டருக்கு வாதாடத் தெம்பில்லை. போன வருஷம் மூன்றாவது படியிலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டவருக்கு, இப்போது கட்டிலிலிருந்து கதவுக்குப் போவதே மலையேற்றம். இருக்கிற வரைக்கும் என்றால் எவ்வளவு என்று தெரியும். ஆஸ்பத்திரித் தலையணையை இழுத்து அவள் மடியில் போட்டார்.

நைந்த உறை. நடுவில் புத்தம் புது முரட்டுத் துணியில் ஒரு ஒட்டு. ஒட்டு கல் மாதிரி இருந்தது. அதைச் சுற்றித்தான் உறை கிழிந்திருந்தது.

"எவன் தைச்சான் இதை?" மூச்சு வாங்கினார். "பழைய துணியை... இறுக்கினா இப்படித்தான். கொஞ்சம்... விட்டுப் பிடிக்கணும்."

அவள் கிழிசலில் விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு சர்ஜனிடம், "தையல் நீங்கதானே போடுவீங்க? வேற யார்கிட்டயும் தள்ளிவிட மாட்டீங்களே?"

"நானேதாம்மா."

"எப்போ?"

"நாளைக்கு."

சட்டென்று நிமிர்ந்தாள். "இவரோட நாளைக்கா, நெசமான நாளைக்கா?"

சர்ஜனுக்கு விளங்கவில்லை. "காலைல ஏழு மணிக்கும்மா."

படிவம் கைமாறியது. மாஸ்டர் இனிஷியல் போட்டார். மூச்சு முட்டியது. பேனாவைக் கீழே வைத்தார்.

"மெதுவாப் போடுங்க" என்று முதுகைத் தடவினாள். "கஸ்டமர் யாரும் நிக்கல."