காருக்கு வெளியே ஓடிய எஞ்சின்

பஸ் ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. டீயை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போவார், உள்ளே வருவார், மறுபடி போவார். தையல் வேலை செய்யும் மனைவிக்கு அந்தச் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே ஊசியில் நூல் கோக்கவே முடியவில்லை. "எங்கயாவது போய் எதையாவது கழட்டுங்களேன்" என்று ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

வீட்டுக்குப் பின்னாலிருந்த ஷெட்டில், அவளுடைய தம்பி அவர் தலையில் கட்டிவிட்டுப் போன பழைய கார் நின்றது. அதன் எஞ்சினைப் பிரித்துத் துடைத்து மாட்டி, சக்கரம் வைத்த இரும்பு ஸ்டாண்டில் ஏற்றியிருந்தார். காருக்குள் வைத்த பிறகு ஒழுகினால் மறுபடி எல்லாவற்றையும் இறக்க வேண்டும். அதனால் வெளியிலேயே ஓட்டிப் பார்த்துவிடுவது என்று முடிவு.

"சாவி உன் கைல. நான் கையத் தூக்கினா உடனே ஆஃப் பண்ணிடணும். முந்தானைய நல்லா சொருகிக்க, பெல்ட் பக்கம் வராத."

புகைக்குழாய் ஜன்னல் வழியே வெளியே போனது. தண்ணீர் டிரம்மிலிருந்து ஹோஸில் வந்தது. பெட்ரோல், சுவரில் மாட்டிய சின்ன டின்னில். சாவி, பேட்டரியிலிருந்து இழுத்த ஒயரின் முனையில். தீயணைக்கும் சிலிண்டர் அவள் காலடியில்.

"ஸ்டாண்டத் தூணோட கட்டணும்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க?"

"சங்கிலி வாங்கப் போனா இன்னிக்குப் பொழுது போயிடும். ரெண்டே நிமிஷம். திருப்பு."

திருப்பினாள். எஞ்சின் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. பல நாளாக அவள் பார்க்காத சிரிப்பு அவர் முகத்தில். ஆக்ஸிலேட்டர் கம்பியை இழுத்தார். ஸ்டாண்ட் உதறிக்கொண்டு நகர ஆரம்பித்தது. பெட்ரோல் குழாய் விறைத்தது. அவரோ கையைத் தூக்காமல் ஸ்டாண்டைக் கட்டிப் பிடித்து, அதோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டே போனார்.

அவள் காத்திருக்கவில்லை. சாவியைத் திருப்பினாள். அதற்குள் குழாய் கழன்று பெட்ரோல் தரையில் கொட்டியது. ஓடிப்போய் டின்னின் அடியிலிருந்த திருகு வால்வை மூடி, ஷெட் கதவை அகலத் திறந்துவிட்டாள்.

"நான் கையத் தூக்கவே இல்லியே" என்றார் மூச்சு வாங்கியபடி.

"தூக்க ஏது கை? ரெண்டும் அதக் கட்டிட்டு இருந்துச்சே!" தரையில் பரவிய பெட்ரோலைக் காட்டினாள். "தீப்பிடிச்சிருந்தா?"

அவர் தரையைப் பார்த்தார். "ஆயுசு பூரா நேரத்தத் துரத்தியே ஓட்டிட்டேன். இப்ப அது நகரவே மாட்டேங்குது. என்ன பண்றதுன்னே தெரியல."

திட்ட வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். "கிளம்புங்க. சங்கிலி வாங்கிட்டு வரலாம். நானும் வரேன்."

மறுநாள் சக்கரங்களைக் கழற்றி, ஸ்டாண்டைத் தூணோடு இறுக்கிக் கட்டிய பிறகுதான் சாவி திரும்பியது. எஞ்சின் இருந்த இடத்திலேயே ஓடியது. ஆயில் பிரஷர் முள் அசையாமல் நின்றது. சொட்டு ஒழுகல் இல்லை.

"அப்பாடா! காருக்குள்ள வச்சிடலாமா?"

அவர் காதைச் சாய்த்தார். "டிக்டிக்குன்னு ஒரு சத்தம் கேக்குது பாரு."

அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அணைத்த எஞ்சின் ஆறுவதற்குள் அவர் ஸ்பானர் பெட்டியைத் தேட ஆரம்பித்துவிட்டார். அவள் முந்திக்கொண்டாள். பெட்டியைத் தூக்கிப்போய் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, "ஆறட்டும். அதுவரைக்கும் கொஞ்சம் உக்காருங்க" என்றாள்.